யாருடைய பசி?

14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. இத்தாலியின் சியன்னா நகரில் ஓர் இளம்பெண் சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தார். அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் குரு, தினமும் உணவு உண்ண வேண்டும் என்று கட்டளையிட்டார். பெண் கீழ்ப்படிந்தார். உண்டது உடலில் தங்கவில்லை. வலியில் துவண்டு சாவின் விளிம்புக்குப் போனார். பிறகு குருவிடம் ஒரு கேள்வி கேட்டார். நோன்பிருந்தால் நான் செத்துவிடுவேன் என்றால் நோன்பைத் தடுப்பீர்கள் அல்லவா? ஆமாம் என்றார் குரு. அப்படியானால், சாப்பிடுவதுதான் என்னைக் கொல்கிறது என்று இத்தனை முறை பார்த்த பிறகும் சாப்பாட்டை ஏன் தடுக்கவில்லை? குருவிடம் பதில் இல்லை. தூய ஆவி காட்டும் வழியில் நடந்துகொள் என்று சொல்லி விலகிக்கொண்டார்.

அந்தப் பெண்தான் பின்னாளில் புனிதர் பட்டம் பெற்ற சியன்னாவின் கத்தரீன். அந்த முதல் குருவின் பெயர் தொமாசோ தெல்லா ஃபோந்தே. கத்தரீன் வீட்டிலேயே வளர்ந்த உறவுக்காரர். இந்த உரையாடலைப் பதிவு செய்தவர் கத்தரீனின் பிற்கால ஆன்ம குருவும் வரலாற்றாசிரியருமான கபுவா நகர ரெய்மண்ட்.

கிறிஸ்தவ மரபில் நோன்பு என்பது பாலினம் பார்க்காத கடமை. இயேசு பாலைவனத்தில் 40 நாள் உண்ணாதிருந்தார். எனில் ஆண் நோன்பிருந்தால் அது அவனுடைய பக்தி என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பெண் நோன்பிருந்தபோது மட்டும் இது தேவனிடமிருந்து வந்ததா, பிசாசிடமிருந்து வந்ததா, நோயா, நடிப்பா என்ற விசாரணை தொடங்கியது. பெண்ணின் பசிக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்பதே அந்த விசாரணைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி.

ரோமில் ஒரு சவ ஊர்வலம்

இந்தக் கேள்வி கத்தரீனுக்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தது. 384ஆம் ஆண்டில் ரோம் நகரில் பிளேசில்லா என்ற இளம் விதவை இறந்தார். வயது இருபது அளவில். உயர்குடிப் பெண்ணான பவுலாவின் மகள். மணமாகி ஏழு மாதங்களில் கணவரை இழந்தவர். ஒரு காய்ச்சலுக்குப் பின் உலக வாழ்வைத் துறந்து நோன்பிலும் செபத்திலும் வேத வாசிப்பிலும் இறங்கினார். எபிரேயம் கற்றார். நான்கு மாதங்களுக்குள் உயிர் போய்விட்டது.

அவருக்கும் தாய்க்கும் ஆன்ம வழிகாட்டியாக இருந்தவர் ஜெரோம். விவிலியத்தை லத்தீனில் தந்த அதே ஜெரோம். சவ ஊர்வலத்தில் பவுலா மயங்கி விழுந்தார். மகளை நோன்பு கொன்றுவிட்டது என்று கூட்டம் முணுமுணுத்தது. இந்தத் துறவிகளை ஊரைவிட்டு விரட்ட வேண்டும், ஆற்றில் தள்ள வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. இதையெல்லாம் நமக்குச் சொல்வதும் ஜெரோம்தான், பவுலாவுக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தில்.

அந்தக் கடிதத்தில் நம்மை நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. மகளை இழந்த பவுலா சாப்பிட மறுக்கிறார். ஜெரோம் அதைக் கண்டிக்கிறார். இது நோன்பின் மீதுள்ள ஆசையால் அல்ல, துக்கத்தால் வந்தது, எனவே இதை ஏற்க மாட்டேன் என்கிறார். மகள் கடவுளுக்காக உண்ணாதிருந்து மெலிந்தது புனிதம். தாய் மகளுக்காக உண்ணாதிருப்பது பகைவனின் தூண்டல். இரண்டு உடல்களிலும் இருந்தது ஒரே பசிதான். எது புனிதம் என்று பிரித்துச் சொன்னவர் மட்டும் வேறொருவர்.

அடுத்த ஆண்டே ஜெரோம் ரோமை விட்டு வெளியேற நேர்ந்தது. பவுலா பின்னால் சென்றார். பெத்லகேமில் தம் செல்வத்தைக் கொட்டி மடங்கள் கட்டினார். பிளேசில்லா தம் கையால் எழுதிய ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

பின்வந்த நூற்றாண்டுகளில் நோன்பு தனிப்பட்டவரின் தீவிரம் என்ற நிலையிலிருந்து நாட்காட்டிக்குள் அடங்கிய ஒழுங்கானது. தவக்காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு முழு உணவு. இறைச்சி இல்லை, பெரும்பாலான இடங்களில் பாலும் முட்டையும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்றும் ‘ஒருசந்தி’ என்றும் ‘சுத்தபோசனம்’ என்றும் சொல்வது இந்த மரபின் தொடர்ச்சிதான். ஒருசந்தி என்றால் ஒருவேளை உணவு, சுத்தபோசனம் என்றால் புலால் இல்லாத உணவு.

கத்தரீன் காலத்துக்குள் இந்த விதிகள் தளர்ந்திருந்தன. மாலையில் உண்ண வேண்டிய ஒருவேளை உணவு நண்பகலுக்கு நகர்ந்தது. இரவில் சிற்றுண்டிக்கும் அனுமதி கிடைத்தது. அளவோடு இருப்பதே நல்லது என்று திருச்சபை போதித்தது. அதே காலத்தில்தான் ஐரோப்பாவில் பல பெண்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். தவக்காலம் முடிந்த பிறகும் அவர்கள் நோன்பு முடியவில்லை.

ஏன் பெண்கள்? அதற்குச் சாயத்தொழிலாளி ஒருவரின் வீட்டுக்குள் போக வேண்டும்.

சாயக்காரர் வீட்டுச் சமையலறை

யாக்கோப்போ பெனின்காசா துணிகளுக்குச் சாயம் தோய்ப்பவர். மனைவி லாப்பா. இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றவர். 1347இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. லாப்பா ஒரு குழந்தைக்குத்தான் பால் கொடுக்க முடிந்தது. கத்தரீனைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்ற குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுத்தார். அது பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு பெருங்கொள்ளை நோய் சியன்னாவைச் சூறையாடியது.

கத்தரீனுக்குப் பிரியமான அக்கா பொனவெந்தூரா 1362இல் பிரசவத்தில் இறந்தார். தங்கைக்குத் தலைவாரி அலங்கரித்துக் கல்யாணத்துக்குத் தயார்செய்ய முயன்றவர் அவர்தான். வீட்டில் திருமணப் பேச்சு வலுத்தது. கத்தரீன் தம் கூந்தலை வெட்டி எறிந்தார். தண்டனையாக அவருடைய தனி அறை பறிக்கப்பட்டது. வேலைக்காரியை நிறுத்திவிட்டு வீட்டு வேலை முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள். அந்தப் பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் பரிமாறினார் கத்தரீன். அப்பாவை இயேசுவாகவும் அம்மாவை மரியாவாகவும் அண்ணன்மார்களைச் சீடர்களாகவும் எண்ணிக்கொண்டு அதைச் செய்ததாகச் சொன்னார்.

பதினாறு வயதளவில் அவருடைய உணவு ரொட்டியும் பச்சைக் கீரையும் தண்ணீருமாகச் சுருங்கியது. இருபதுகளின் தொடக்கத்தில் ரொட்டியும் போயிற்று. அதே பெண் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து ரொட்டியும் மதுவும் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தந்தை தடுக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் பொருட்களைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு சாயக்காரர் மகளுக்கு நிலமில்லை, பணமில்லை, கல்வியில்லை. யாரை மணப்பது, எத்தனை பிள்ளை பெறுவது என்பதும் அவர் கையில் இல்லை. பெற்ற தாய் இருபது முறைக்கு மேல் கர்ப்பமானதையும், அக்கா பிரசவத்தில் செத்ததையும் பார்த்தவர். அவர் கையில் இருந்தது சோறு. அதைச் சமைக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தான் மறுக்கலாம். துறக்க வேண்டும் என்றால் தன்னுடையதைத்தானே துறக்க முடியும்? ஒரு பணக்கார வணிகனின் மகனான அசிசியின் பிரான்சிஸ் உடுத்தியிருந்த உடையையும் சொத்தையும் தகப்பனிடம் திருப்பிக் கொடுத்துத் துறவியானார். அப்படித் திருப்பிக் கொடுக்கக் கத்தரீனிடம் எதுவும் இல்லை.

அவர் கன்னிமடத்துக்கும் போகவில்லை. தொமினிக்கன் சபையோடு இணைந்த, கறுப்பு மேலாடை அணிந்த பெண்கள் குழுவில் சேர்ந்தார். அதில் பெரும்பாலும் விதவைகள். கல்யாணமாகாத இளம்பெண்ணைச் சேர்க்க முதலில் தயங்கினார்கள். அவர்கள் மதிலுக்குள் அடைபடவில்லை. வீட்டில் வாழ்ந்து தெருவில் நடந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். மனைவியாகவும் இல்லாமல், மடத்தில் அடைபட்ட கன்னியாகவும் இல்லாமல், மூன்றாவதாக ஒரு வாசல் கத்தரீனுக்குத் திறந்தது.

சான்றிதழ் கேட்ட ஊர்

அந்த வாசல் வழியே அவர் போன தூரம் வியக்கவைப்பது. 380க்கும் மேற்பட்ட அவருடைய கடிதங்கள் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. அரசர்களுக்கும் கூலிப்படைத் தலைவனுக்கும் திருத்தந்தைக்கும் எழுதினார். 1376இல் பிரான்சின் அவிஞோனுக்குச் சென்று திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரியைச் சந்தித்து, ரோமுக்குத் திரும்பும்படி வற்புறுத்தினார். 1377 ஜனவரியில் அவர் திரும்பினார். அதற்கு வேறு அரசியல் காரணங்களும் உண்டு. என்றாலும் சாயக்காரர் மகள் ஒருத்தியின் சொல்லைத் திருத்தந்தை காதுகொடுத்துக் கேட்டார் என்பது சிறிய செய்தியல்ல.

பெண் பிரசங்கம் செய்யக்கூடாத காலம் அது. அவர் பேச்சைக் கேட்க ஒரு காரணம் தேவைப்பட்டது. உணவில்லாமல் உயிர்வாழும் உடல் அந்தக் காரணமாயிற்று. இவர் பேசுவது தாமாக அல்ல, கடவுள் இவருக்குள் இருந்து பேசுகிறார் என்பதற்கு அந்த மெலிந்த உடலே சாட்சி. ஆனால் சாட்சியை எல்லோரும் சோதிப்பார்கள். இவள் ஒளித்துவைத்துத் தின்கிறாள் என்றார்கள் சிலர். பிசாசு ஊட்டுகிறது என்றார்கள் சிலர். இயேசுவும் சீடர்களும் சாப்பிட்டார்களே, இவள் அவர்களைவிட மேலானவளா என்று கேட்டவர்களும் உண்டு. வாயை அடைக்கக் கத்தரீன் மற்றவர்களோடு உணவுமேசையில் உட்காரத் தொடங்கினார். கீரையை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்புவார். உள்ளே போன சிறிதும் வலி கொடுக்கும். தொண்டைக்குள் மெல்லிய குச்சியைச் செலுத்தி அதை வெளியேற்றுவார். ஒவ்வொரு நாளும் இது நடந்ததாக ரெய்மண்ட் எழுதுகிறார்.

அவர் ஆவலோடு ஏற்ற உணவு நற்கருணை ஒன்றுதான். சாதாரண மக்கள் ஆண்டுக்குச் சில முறைகளே நற்கருணை வாங்கிய காலத்தில் அவர் அடிக்கடி கேட்டார். அதைக் கொடுக்கக்கூடிய கை ஆண்குருவின் கை மட்டுமே. வீட்டுச் சோற்றை மறுத்துத் தன்னுரிமை பெற்ற பெண், தமக்கு வேண்டிய ஒரே உணவுக்காகக் குருக்களிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கத்தரீன் இறந்த அதே 1380இல் ஹாலந்தின் ஸ்கீடாம் ஊரில் லிட்வினா பிறந்தார். பதினைந்து வயதில் பனிச்சறுக்கின்போது விழுந்து, வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடந்தவர். அவரும் உணவை விட்டார். 1421இல் அந்த ஊர் அதிகாரிகள், இந்தப் பெண் உண்பதில்லை என்று ஆவணம் எழுதி வெளியிட்டார்கள். அவரைச் சந்தேகித்த பங்குக்குரு, மந்திரிக்கப்படாத அப்பத்தை நற்கருணை என்று சொல்லிக் கொடுத்துச் சோதித்தார். நடமாட முடியாத ஒரு பெண்ணின் வயிறு, நகராட்சியும் கோயிலும் சேர்ந்து தணிக்கை செய்யும் பொருளாயிற்று.

நோயா, பக்தியா?

1980களில் இரண்டு வரலாற்று நூல்கள் இந்தப் பெண்களை மறுபடி பேசவைத்தன. ருடால்ஃப் பெல் 1985இல் வெளியிட்ட நூலில் இத்தாலியப் புனிதப் பெண்கள் 261 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் பலரிடம் இன்று நாம் அனோரெக்ஸியா என்று அழைக்கும் உணவு மறுப்பு நோயின் சாயல் தெரிகிறது என்றார். தந்தைவழிக் குடும்பத்தின் பிடியிலிருந்து தன்னை மீட்கப் பெண் நடத்திய போராட்டம் இது என்பது அவர் வாதம்.

இரண்டே ஆண்டுகளில் கரோலின் வாக்கர் பைனம் வேறொரு திசையைக் காட்டினார். இன்றைய மெலிவு மோகத்தை அன்றைய பெண்கள் மேல் ஏற்றக்கூடாது. அவர்கள் உடலை வெறுத்து உண்ணாதிருக்கவில்லை. உணவு அவர்கள் ஆளுகைக்குட்பட்ட பொருள், பெண்ணுடலே பாலாக உணவு தருவது, இயேசுவும் தம் உடலை உணவாகத் தந்தவர். எனவே பசித்திருப்பதும் பிறருக்கு ஊட்டுவதும் நற்கருணை உண்பதும் அவர்களுக்கு ஒரே செயலின் மூன்று முகங்கள். அவர்கள் பசியில் அர்த்தம் இருந்தது என்றார் பைனம்.

பைனத்தைப் படிக்கும்போது ஒரு நிம்மதி வருகிறது. நோயாளி என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கப்பட்ட பெண்களுக்கு அறிவும் மொழியும் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால் அந்த நிம்மதியில் நாம் தங்கிவிடவும் முடியாது. அர்த்தமுள்ள பசியும் ஆளைக் கொல்லும். 1380இன் தொடக்கத்தில் கத்தரீனுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை. ஏப்ரல் 29 அன்று ரோமில் இறந்தபோது அவருக்கு வயது 33. குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்த லாப்பா அந்த மரணத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். தம் மகளின் கதையை ரெய்மண்டுக்குச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

ஃபுளோரன்ஸுக்குப் போன கடிதம்

ரெய்மண்டின் நூல் 1395இல் முடிந்தது. புனிதர் பட்டத்துக்கு வழக்காடும் நூல் அது. அதில் நோன்பு ஓர் அற்புதம். கத்தரீன் தம் குரலில் சொன்னது வேறாக இருக்கிறது.

அவர் உண்ணாததைக் கண்டித்து ஃபுளோரன்ஸில் இருந்த சமயப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். இது பிசாசின் வேலையாக இருக்கலாம் என்பது அவர் எச்சரிக்கை. கத்தரீன் பணிவோடு பதில் எழுதினார். தாம் நாளுக்கு ஓரிரு முறை உண்ணத் தம்மைக் கட்டாயப்படுத்திக்கொள்வதாகச் சொன்னார். மற்ற மனிதர்களைப் போல வாழ அருள் தரும்படி கடவுளிடம் வேண்டி வருவதாகவும், தமக்கு இருப்பதை ஒரு பலவீனமாகவே காண்பதாகவும் எழுதினார். நீங்களும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள், கடவுளுக்கு விருப்பமானால் நான் உணவு எடுத்துக்கொள்ளும்படி செய்யட்டும் என்று கேட்டார்.

இதில் அற்புதமும் இல்லை, சவாலும் இல்லை. இளவயதில் தாமே தேர்ந்தெடுத்துப் பழகிய ஒன்று இப்போது தம் விருப்பத்துக்குக் கட்டுப்படவில்லை என்று ஒரு பெண் நேர்மையாகச் சொல்கிறார். பிற்காலத்தில் எழுதிய நூலிலும், தம்மை நாடி வந்த பெண்களுக்கான கடிதங்களிலும் அவர் நோன்பை முன்மாதிரியாக வைக்கவில்லை. உடல் ஒறுத்தல் ஒரு கருவி, அதுவே குறிக்கோள் அல்ல, ஒவ்வொருவரின் உடல்நிலைக்கேற்ற நிதானம் வேண்டும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஸ்பெயினின் அவிலா தெரேசா 16ஆம் நூற்றாண்டில் மடங்களை நிறுவியபோது இதே பாடத்தை நடைமுறையாக்கினார். நோன்பிருந்து மயங்கிவிழும் கன்னியரின் நிலையைப் பரவசம் என்று மற்றவர்கள் கொண்டாடியபோது, அது வெறும் மந்தம் என்று கேலிசெய்தார். நோன்பை நிறுத்திச் சாப்பிட வைக்கும்படி மடத்தலைவிக்குச் சொன்னார். அவர்கள் தேறினார்கள். பெண்ணின் பசியை அளக்கும் கோல் ஒரு பெண்ணின் கைக்கு வந்தபோது அவர் பார்த்தது அற்புதத்தை அல்ல, எதிரே இருந்த பெண்ணை.

1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தெரேசாவையும் கத்தரீனையும் திருச்சபையின் மறைவல்லுநர்கள் என்று அறிவித்தார். அந்தப் பட்டம் பெற்ற முதல் இரண்டு பெண்கள் இவர்கள்தான். பட்டம் அவர்கள் போதனைக்குக் கிடைத்தது, பட்டினிக்கு அல்ல. கத்தரீனின் உடல் இன்று ரோமில் ஒரு கோயிலில் இருக்கிறது. தலை சியன்னாவில். பங்குபோட்டுக்கொண்டார்கள்.

நம் ஊர் உபவாச ஜெபக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளையின் படிப்புக்காக, கணவனின் குடி நிற்பதற்காக, வீட்டுக் கடன் தீர்வதற்காகப் பட்டினி கிடக்கிறார்கள். காலையில் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. வேறெதுவும் கையில் இல்லாதபோது பசியைக் கையில் எடுப்பது எப்படியிருக்கும் என்பதை இந்த வரலாறு காட்டியிருக்கிறது. பசித்தவனோடு உன் ரொட்டியைப் பகிர்வதே நோன்பு என்று ஏசாயா தீர்க்கதரிசி சொன்னதையும் அவர்கள் அறிவார்கள். அந்த ரொட்டியில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டா என்றுதான் யாரும் கேட்பதில்லை.

கத்தரீனின் படங்களில் லீலி மலர் இருக்கும், முள்முடி இருக்கும், சிலவற்றில் புத்தகமும் இருக்கும். அவற்றின் முன் மெழுகுவத்தி ஏற்றும் பெண்களுக்கு ரெய்மண்ட் சொன்ன கதை தெரியும். ஃபுளோரன்ஸுக்குப் போன கடிதமும் தெரிய வேண்டும். நான் சாப்பிட வேண்டும், அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டதும் அதே புனிதர்தான்.